மறு: தற்காலிகக் கடினத்தன்மைக்கு வேறு சொல் வேண்டும்

வணக்கம். கால்சியம் போன்றவை கரைந்திருப்பதால் சோப்பு எளிதில் நுரைக்காத தண்ணீரைக் கடினநீர் என்கிறோம். அதில் கொதிக்க வைத்தால் நீங்கும் வகைக்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்ற பெயர் வேண்டாம் என்று நம் மடற்குழுவில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்:

> எல்லாப் பாடநூலிலும் இருக்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

ஐயா, இருக்கிறது, சரி. புரிகிறதா என்பதுதான் என் கவலை. போன வாரம் இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்தில் டியூஷன் பிள்ளைகளிடம், தற்காலிகக் கடினத்தன்மை உள்ள தண்ணீரை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "ஒருநாள் அப்படியே வெச்சிட்டா போயிரும் சார்" என்றான் ஒரு பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தற்காலிக ஆசிரியர், தற்காலிகப் பாலம் எல்லாம் நாள் போனால் போகிறவைதானே? பள்ளியில் அவன் மலாயில் படிக்கும் 'கெலியாத்தான் செமந்தாரா'விலும் அதே தற்காலிகம்தான் உட்கார்ந்திருக்கிறது.

மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்புப் பாறையில் இறங்கும்போது, பாறை கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து கூடவே வருகிறது. கொதிக்க வைத்தால் வாயு பறந்துவிடும், அது போனபின் கால்சியத்துக்குக் கரைந்திருக்க வழியில்லாமல் கார்பனேட்டாகப் படிந்துவிடும். சல்பேட்டாகவோ குளோரைடாகவோ வந்த கால்சியம் எவ்வளவு கொதித்தாலும் அசையாது. இரண்டையும் பிரிப்பது கொதி, காலத்துக்கு இதில் வேலையே இல்லை. அதனால் என் பரிந்துரை: கொதிநீங்கு கடினம், கொதிநீங்காக் கடினம். 'ஒரு கொதி விட்டு இறக்கு' என்று வீட்டில் சொல்கிற அதே கொதிதான்.

> கெட்டிலில் படியும் 'ஸ்கேலு'க்குச் செதில் என்றே வைக்கலாமே?

செதில் மீனுக்கு அண்ணே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் நமக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமா என்ன? ஈப்போ பக்கம் சுண்ணாம்புக் குன்றடியில் அக்கா வீடு, கிணற்றுத் தண்ணீர். அவர் கெட்டிலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், பூசி விட்ட சுவர் மாதிரி சொரசொரப்பு, நகத்தால் சுரண்டினால் பத்தை பத்தையாக வருகிறது. தே-ஓ (பால் விடாத தேநீர்) கலக்கினால் மேலே எண்ணெய் போல ஒரு படலம் கட்டுகிறது, எலுமிச்சை பிழிந்தால் அந்தப் படலம் இல்லை. எங்கள் வீட்டில் 'கெராக்' பிடித்துவிட்டது என்றுதான் மலாய்ச் சொல்லைச் சொல்வோம், பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்துக்குக் காரை இருக்கிறதே! பல்லில் படிவதைப் பற்காரை என்கிறோம். பினாங்கு ஜார்ஜ் டவுன் பழைய கடைவீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்புக் காரையும் காய்ந்து இறுகினால் இதே கால்சியம் கார்பனேட்தான். முதலில் 'கொதிகாரை' என்று எழுதி வைத்திருந்தேன், ஆனால் குளியலறை ஹீட்டரில் தண்ணீர் கொதிப்பதே இல்லை, அங்கேயும் படிகிறது. ஆகவே நீர்க்காரை.

இன்னொன்று. கொதிக்க வைத்தால் கெட்டதெல்லாம் போய்விடும் என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். கிருமி சாகும், குளோரின் பறக்கும். உப்பு, நைட்ரேட், ஆர்சனிக் எங்கேயும் போகாது. 2 லிட்டரை 1 லிட்டராகக் காய்ச்சினால் அவற்றின் செறிவு இரண்டு மடங்கு. ரசம் சுண்டினால் உப்புக் கரிப்பது போலத்தான். இதற்குச் சுண்டுசெறிவு என்று வைத்தால் சமையலறையில் நிற்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

\-\-\-

கோலாலம்பூரிலிருந்து வந்த மறுமொழி:

நீர்க்காரைக்கு என் ஓட்டு. ஆனால் 'கொதி' உறுத்துகிறது. பத்துமலைக் குகைக்குள் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை யார் கொதிக்க வைத்தார்கள்? சொட்டும்போதே வாயு கழன்று, விழுதுவிழுதாகக் கல் தொங்குகிறது. 1841இல் வேதியியலாளர் தாமஸ் கிளார்க் காப்புரிமை வாங்கிய முறையில் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தே இந்தக் கடினத்தை எடுத்தார்கள், அடுப்பே தேவையில்லை. 'கார்பனேட் கடினம்' என்று நேராகச் சொல்லிவிடலாமே? அப்புறம், நீங்கு, நீங்கா. தேர்வில் பிள்ளை ஒரு துணைக்காலை விட்டால் விடை தலைகீழாகிவிடும்.

\-\-\-

பத்துமலையை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பெரிய வகுப்புக்குக் கார்பனேட் கடினம் சரிதான். ஆனால் வேதியியல் இன்னும் தொடாத பிள்ளையிடம் கெட்டில்தான் இருக்கிறது, குகை இல்லை, அவனுக்குக் கொதி இருக்கட்டும். துணைக்கால் விஷயம் நியாயமான குறை. நேற்று ராத்திரி 'கொதிநிலைத்த கடினம்' வரை போய்ப் பார்த்தேன், அதில் கொதிநிலை வந்து குழப்புகிறது. 'தங்கு' எப்படி? கொதிநீங்கு கடினம், கொதிதங்கு கடினம். இரண்டுமே வினைத்தொகை, நடுவில் 'க்' போடுவதா வேண்டாமா என்ற சண்டையும் இல்லை. சனிக்கிழமை வகுப்பில் அந்தப் பையனிடமே சொல்லிப் பார்க்கிறேன்.