பார்வையில்லாத மாணவி கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்திருக்கிறார், எங்கிருந்து ஆரம்பிப்பது?

மன்னை சென்டர்:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஒரு பக்கம் டைப்ரைட்டிங், இன்னொரு பக்கம் சி.ஓ.ஏ. என்கிற அரசுக் கம்ப்யூட்டர் தேர்வுக்குக் கோச்சிங். போன வாரம் ஒரு பெண் அப்பாவோடு வந்தார். பி.ஏ. முடித்தவர், பிறவியிலேயே பார்வை இல்லை. போனில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்து வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறார். குரூப் 4 எழுத ஆசை, அதற்குள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்கிறார். இதற்கு முன் போன இடங்களில் "எங்ககிட்ட வசதி இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்களாம். நான் சரி என்று அட்மிஷன் போட்டுவிட்டேன். இப்போதுதான் யோசிக்கிறேன்.

இருப்பது எட்டு மெஷின், எல்லாம் விண்டோஸ் 10. ஒரு புரொஜெக்டர், நான், உதவிக்கு ஒரு டீச்சர். தனி சாஃப்ட்வேர், தனி கீபோர்டு வாங்க வேண்டுமா? அவருக்குத் தனி பேட்ச் போடுவதா, மற்றவர்களோடு உட்கார வைப்பதா? விஷயம் தெருவில் பரவி, காது கேளாத தன் பையனையும் சேர்ப்பீர்களா என்று ஒரு அம்மா போன் செய்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டிடிபிகாரன்:

பிரெய்ல் ஸ்டிக்கர் ஆன்லைனில் விற்கிறார்கள் சார். கீபோர்டு மேல் ஒட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

ஆறுபுள்ளி:

ஸ்டிக்கருக்குக் காசைப் போடாதீர்கள் சார். எனக்கும் பார்வை கிடையாது, மதுரையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைக்கிறேன். பிரெய்ல் நன்றாகப் படிப்பேன். ஆனால் ஒவ்வொரு கீயாகத் தடவிப் படித்து டைப் அடிப்பவன் எப்போது வேகம் எடுப்பது? டைப்ரைட்டிங் ஹாலில் "கீயைப் பார்க்காதே" என்று எல்லாரையும் அதட்டுவது நீங்கள்தானே. எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு இருக்கும், நம்பர் பேடில் 5-இன் மேல் இருக்கும். எங்களுக்கு அது போதும்.

வாங்க வேண்டியது ஒரு ஹெட்செட் மட்டும். ஒரே காதில் மாட்டுவது கிடைத்தால் நல்லது. ஒரு காது மெஷினுக்கு, மறு காது உங்களுக்கு. இரண்டு காதையும் அடைத்துவிட்டு "நான் சொல்றது கேக்கலையா?" என்று கத்துகிற வாத்தியார்களிடம் நான் படித்திருக்கிறேன்.

சாஃப்ட்வேர் என்விடிஏ. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர், இலவசம். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் எழுத ஆரம்பித்தது. ஜாஸ் என்று இன்னொன்று உண்டு, அருமையான சாஃப்ட்வேர், ஆனால் விலை உங்கள் சென்டருக்குக் கட்டாது. காசு கட்டாமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பாடத்தின் நடுவில் அது வேண்டாம். என்விடிஏவைப் பென் டிரைவிலேயே போட்டுக்கொடுக்கலாம். அந்தப் பெண் எட்டு மெஷினில் எதில் உட்கார்ந்தாலும், ஏன், பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் தன் செட்டிங்கோடு வேலை செய்வார்.

தமிழ்க் குரலுக்கு விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்பீச் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற குரல் இறங்கும். என்விடிஏ அதை எடுத்துக்கொள்ளும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலும் தமிழ் படிக்கும், கொஞ்சம் தகரத்தில் தட்டியதுபோல் இருக்கும். ஆனால் வேகம் கூட்டினால் அதுதான் தெளிவு. எதை வைப்பது என்பதை அவரிடமே விடுங்கள்.

இனி உங்களுக்கான வசதி. என்விடிஏ மெனுவில் டூல்ஸுக்குள் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. அது பேசுவதையெல்லாம் ஒரு சின்ன ஜன்னலில் எழுத்தாகக் காட்டும். அவர் ஹெட்செட்டில் என்ன கேட்கிறார், எங்கே சிக்கிக்கொண்டார் என்பது பின்னால் நின்று பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். பார்வையுள்ள ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாது.

முதல் வகுப்பில் இன்செர்ட்டோடு 1 அழுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கீயைத் தட்டினாலும் அதன் பெயரையும் வேலையையும் மட்டும் சொல்லும், எதுவும் திறக்காது, எதுவும் அழியாது. திரும்ப அதையே அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். பயம் தெளிய இதைவிட நல்ல பாடம் கிடையாது. டைப்பிங் டியூட்டர் கேம்கள் பெரும்பாலும் படமாகவே இருக்கும், ஸ்கிரீன் ரீடர் அங்கே ஊமை. நோட்பேடைத் திறந்து அதில் அடிக்க விடுங்கள். இன்செர்ட் 2 அழுத்தினால் எழுத்து எழுத்தாகவும், 3 அழுத்தினால் வார்த்தை வார்த்தையாகவும் சொல்லும். வேகம் வந்தபின் எழுத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் விரல் ஓட்டத்துக்குக் காது ஈடுகொடுக்காது.

தனி பேட்ச் பற்றிக் கேட்டீர்கள். போடாதீர்கள். தனி பேட்ச் என்றால் நடைமுறையில் மத்தியானம் இரண்டு மணி, மெஷின் காலி, டீச்சர் சாப்பிடப் போயிருப்பார். மற்றவர்களோடு உட்காரட்டும். ஆனால் நீங்கள் பாடம் எடுக்கும் விதத்தை மாற்ற வேண்டியிருக்கும், முழு வேலையும் அதில்தான். ஒரு நாள் உங்கள் வகுப்பையே போனில் ரெக்கார்டு செய்து கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். "இதோ இதைக் கிளிக் பண்ணு, அப்புறம் இங்க இழு, அந்த நீலக் கலர் வருதா?" அதைக் கேட்டு உங்களாலேயே ஒரு டேபிள் போட முடியுமா? அதற்குப் பதில், "ஆல்ட் அழுத்தி விடு, என், டி. டேபிள் மெனு வந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். ஆல்ட் அழுத்தியதும் மற்றவர்களுக்குத் திரையில் எழுத்துகள் தெரியும், அவருக்குக் காதில் விழும். வாக்கியம் ஒன்றுதான். மவுஸ் கிடைக்காமல் போன நாளில் உங்கள் மற்ற மாணவர்களுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, அவர் தடுமாறினால் டக்கென்று மவுஸைப் பிடுங்கி நீங்கள் செய்து முடிக்காதீர்கள். திரையில் எது எங்கே நின்றது என்ற கணக்கு அவர் தலையில் இருக்கும், அது கலைந்துவிடும். கையைப் பிடித்துக் கீ மேல் வைப்பதென்றால் கேட்டுவிட்டு வையுங்கள்.

தமிழ் டைப்பிங் தமிழ்99 கீபோர்டு முறையில் சொல்லிக்கொடுங்கள். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய், மனதில் பதிய ரொம்ப நாள் ஆகாது. மேடு இருக்கும் எஃப்பில் புள்ளி, ஜேயில் ப. உங்கள் பழைய நோட்ஸ் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணுக்கு அது தமிழ், மெஷினுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஸ்கிரீன் ரீடர் அதை அப்படியே குப்பையாக வாசிக்கும். எல்லா மெஷினுக்கும் தமிழாகவே புரியும் யூனிகோடு எழுத்துமுறைதான் என்று 2010-இலேயே தமிழக அரசு ஆணை போட்டாயிற்று, இன்னும் பாமினியில்தான் நோட்டீஸ் வருகிறது. என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிவிடுங்கள். ஸ்கேன் செய்த பழைய கேள்வித்தாளும் அவருக்கு வெற்றுக் காகிதம்தான். யாராவது டைப் அடித்துத் தர வேண்டும், டைப்ரைட்டிங் மாணவர்களுக்கே பயிற்சியாகக் கொடுத்தால் ஆயிற்று.

எங்கே சிரமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்செல் ஃபார்முலா, சார்ட் போடுவது, மெயில் மெர்ஜ் எதிலும் அவர் பின்தங்க மாட்டார். ஆல்ட், எஃப்1 தட்டினால் சார்ட் வந்துவிடும். ஆனால் அந்தச் சார்ட் அழகாக இருக்கிறதா, எழுத்து மேல் எழுத்து ஏறியிருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியாது. பவர்பாயிண்ட் டிசைனும் அப்படித்தான். அங்கே பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் போதும். அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை, ஆபீஸில் எல்லாரும் லெட்டரை இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தானே அனுப்புகிறார்கள்.

தேர்வு விஷயத்தை இப்போதே தொடங்குங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனச் சான்று உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுதுபவர் முதல் நாளே போய் மெஷினைச் சரிபார்க்கவும் அதில் இடமுண்டு. அதைக் குறிப்பிட்டு, யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலோடு, தேர்வை நடத்தும் துறைக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் வாயால் தலையாட்டுவார்கள். ஒரு தேர்வு மையத்தில் எனக்கு ஒதுக்கிய மெஷினில் சவுண்டே வரவில்லை. டிரைவர் போட ஆள் தேடியதில் என் கூடுதல் நேரம் முழுக்கப் போய்விட்டது.

சின்னக்கா:

காது கேளாத பையனைப் பற்றி நான் சொல்கிறேன் சார். என் தம்பி அப்படித்தான், இப்போது ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறான்.

அந்த அம்மாவுக்கு இன்றே போன் செய்து வரச் சொல்லுங்கள். முதலில் அவனுக்கு எது பழக்கம் என்று கேளுங்கள்: சைகையா, உதடு பார்ப்பதா, எழுத்தா. காது கேளாதவர் என்றாலே எழுதிக் காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து சைகையிலேயே வளர்ந்தவனுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழிதான். பத்தி பத்தியாக நோட்ஸ் கொடுத்தால் படிக்க மாட்டான். ஒரு ஸ்கிரீன்ஷாட், அதில் அம்புக்குறி, கீழே சின்ன வாக்கியம். அப்படிக் கொடுத்தால் எங்கள் தம்பி மற்றவர்களுக்கு முன்னால் முடிப்பான்.

புரொஜெக்டர் போட்டதும் லைட்டை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள், உங்கள் முகமும் கையும் அவனுக்குத் தெரிய வேண்டும். போர்டைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், செய்து காட்டும்போதே பேசாதீர்கள். மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே உங்களைக் கேட்பார்கள், அவனுக்கு இரண்டுக்கும் இருப்பது கண் மட்டும்தான். சொல்லுங்கள், நிறுத்துங்கள், செய்து காட்டுங்கள், திரும்பவும் நில்லுங்கள். ஆறுபுள்ளி சார் பேசிக்கொண்டே செய்யச் சொல்கிறார், நான் நிறுத்தச் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே பேட்சில் இருந்தால் கொஞ்சம் இழுக்கும், உண்மைதான். ஒரு பாடத்தை இரண்டு தடவை எடுக்க வேண்டிவரும்.

டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு சைகை அகராதி வீடியோவாகவே போட்டிருக்கிறது. அதில் அடிப்படைச் சைகைகளை உங்கள் டீச்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபோல்டர், கட், பேஸ்ட் இதற்கெல்லாம் உங்கள் வகுப்பில் என்ன சைகை என்று அவனே முடிவு செய்யட்டும், மற்ற பிள்ளைகளும் இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள். அவசரத்துக்குப் போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கிறது. நாம் பேசும் தமிழை எழுத்தாகக் காட்டும். ஃபேன் சத்தத்தில் உளறும், அதையே நம்பி உட்கார வேண்டாம்.

இடக்கை:

எனக்கு வலது கை கிடையாது. ஒரு விஷயம் மட்டும். ஷிஃப்ட்டை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும், கண்ட்ரோல், ஆல்ட், டெலீட்டை ஒவ்வொன்றாக அழுத்தலாம். நிறைய சென்டரில் "அந்தப் பாப்அப் தொல்லை" என்று அதை எல்லா மெஷினிலும் ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். ஒரு மெஷினிலாவது விட்டுவையுங்கள். அதே மெஷினில் மவுஸ் ஒயர் இடது பக்கம் வர வேண்டும். சென்டர் மாடியிலா, கீழா? மாடி என்றால் வீல்சேரில் வருபவர்களுக்கு நாங்கள் இங்கே எழுதுவது எதுவும் பயன்படாது.

மன்னை சென்டர்:

எல்லாருக்கும் நன்றி. சென்டர் தரைத்தளம்தான், வாசலில் இரண்டு படி. கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன். என்விடிஏ போட்டாயிற்று, வள்ளுவரும் பேசுகிறார். பையனின் அம்மாவுக்கு போன் செய்துவிட்டேன், திங்கட்கிழமை வருகிறார்கள்.

ஒரு சந்தேகம். அந்தப் பெண்ணின் அப்பா தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார். விடலாமா?

ஆறுபுள்ளி:

முதல் நாள் உட்காரட்டும், வழி, பாத்ரூம், சீட் எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு வெளியே அனுப்புங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் மெஷின் பேசுவதற்கு முன் அவர் படித்துச் சொல்லிவிடுவார். அப்புறம் அந்தப் பெண்ணிடமே, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, ஒருமுறை கேளுங்கள்.

படிக்கு: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும். கொத்தனார் நாலடியில் முடித்துத் தருகிறேன் என்பார், விடாதீர்கள்.