முதலாமாண்டு மாணவர்களின் தகவல் தேடும் திறனை அளக்க வினாத்தாள் இருக்கிறதா?

வணக்கம். தருமபுரி பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தகவலைத் தேடிச் சரிபார்க்கத் தெரிகிறதா என்று அளக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி எப்போது தனி மாவட்டமானது என்று கேட்டுப் பார்த்தேன். 2004 என்று நொடியில் எழுதிவிட்டார்கள். ஆதாரம் என்ற இடத்தில் மட்டும் எல்லாரும் 'கூகுள்'! ஒரு பெண் மாவட்ட இணையதளத்தின் பெயரை எழுதி, அப்புறம் அடித்துவிட்டு கூகுள் என்று மாற்றியிருந்தாள். அந்த அடித்தல்தான் மனதில் நிற்கிறது. விடையைத் திருத்துவது சுலபம், தேடிய வழிக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கத்தின் 2000ஆம் ஆண்டுத் தரநிலைகளைப் பார்த்தேன். அவர்களே 2016இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். சரி, தமிழ்வழி மாணவர்களுக்கு யாராவது வினாத்தாள் தயாரித்திருந்தால், மதிப்பெண் முறையோடு அனுப்ப முடியுமா? நாற்பது நிமிடத்துக்குள் முடிவதாக இருந்தால் நல்லது.