இரண்டு சேர்வர் போட்டதும் கூடை காணாமல் போகிறது

கேள்வி:
வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன், பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடுவது. தீபாவளி நெரிசலுக்காக, வருபவர்களைச் சேர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இரண்டாவது சேர்வர் சேர்த்தோம். இப்போது சேலையைக் கூடையில் போட்டு அடுத்த பக்கம் போனால் கூடை வெறுமையாக இருக்கிறது, ரிஃப்ரெஷ் பண்ணினால் திரும்பி வருகிறது. ஐபி முகவரியைப் பார்த்து ஒருவரை எப்போதும் ஒரே சேர்வருக்கு அனுப்பும் ஐபி ஹாஷ் போட்டால் சரியாகுமா? ஆட்கள் பெரும்பாலும் போனில்தான் வருகிறார்கள்.

பதில்:
கூடை விவரத்தை வைத்திருக்கும் செஷன் கோப்பு ஒரு சேர்வரின் டிஸ்கில் கிடக்கிறது, மற்றதற்கு அது தெரியாது. ஐபி ஹாஷ் வேண்டாம் தம்பி. நான்கு பகுதி கொண்ட ஐபிவி4 முகவரியின் முதல் 3 பகுதிகளை மட்டுமே அது பார்க்கும். மொபைல் இணைப்பில் ஏராளமானோர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள், சுமை ஒரு பக்கமே சாயும். அந்தச் சேர்வர் விழுந்தால் கூடையும் போச்சு. செஷனை இரண்டு சேர்வருக்கும் பொதுவான ரெடிஸ் என்ற தரவுக் களஞ்சியத்துக்கு மாற்றுங்கள். பிஎச்பி அமைப்பில் இரண்டே வரி.

பதில்:
அண்ணா சொன்னது சரி. ஆனால் பிஎச்பி ரெடிஸ் நீட்சியில், ஒரு கோரிக்கை முடியும்வரை அடுத்ததைக் காக்க வைக்கும் செஷன் பூட்டு இயல்பாகவே அணைந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கை வந்தால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். பூட்டை மறக்காமல் போடுங்கள். அப்புறம் செஷன் ஆயுள் இயல்பில் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். சேலை தெரிவு செய்பவர்களுக்கு அது போதவே போதாது!

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், பூட்டும் போட்டாச்சு. முதல் சேர்வரை நிறுத்திப் பார்த்தேன், கூடை அப்படியே இருக்கிறது. மிக்க நன்றி அண்ணா.