பிங் போகிறது, மற்றது எதுவும் போகவில்லை: தனியார் கிளவுட் நெட்வொர்க்கில் பட்ட அனுபவங்கள்

கேபிள்காரன்:

பதினொரு சர்வர்கள், ஒரு ஜோடி ஸ்விட்ச், அதன்மேல் ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள். எங்கள் தனியார் கிளவுட் இவ்வளவுதான். இரண்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

விஎம்கள் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) எல்லாம் எழுந்துவிட்டன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சின்னச் சோதனை, போகிறது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே நுழைய எஸ்எஸ்எச் போட்டால் இணைப்பு தொடங்கி, சாவி பரிமாறும் இடத்தில் அப்படியே நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒரே சர்வரில் இருக்கும் இரண்டு விஎம்களுக்கு நடுவே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. வேறு வேறு சர்வரில் இருந்தால்தான் இந்தக் கூத்து.

விஎம்முக்கு எது வரலாம், போகலாம் என்று சொல்லும் செக்யூரிட்டி குரூப் விதிகளை முழுக்கத் திறந்துவிட்டுப் பார்த்தேன். ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாமல் டிஎன்எஸ்ஸையும் திட்டினேன். இரண்டாம் நாள் மாலை கூட வேலை செய்பவர் ஒருவர் சாவகாசமாகக் கேட்டார்: "பிங்கைப் பெரிசாக்கிப் பாத்தீங்களா?"

லினக்ஸில் சாதாரண பிங் சுமப்பது 56 பைட். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் (தலைப்புகளின் 28ஐச் சேர்த்தால் 1500) அனுப்பினேன், பதில் இல்லை. குறைத்துக்கொண்டே வந்தேன். 1422 போகிறது, 1423 போகவில்லை. அப்போதுதான் உறைத்தது. சர்வர்களுக்கு நடுவே விஎம்களின் பாக்கெட்டுகளைக் கொண்டுபோகும் விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே ஓர் உறை போடுகிறது. ஐபிவி4 என்றால் அந்த உறைக்கு 50 பைட் வேண்டும். கீழே இருக்கும் உண்மையான நெட்வொர்க்கின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 என்றால் விஎம்முக்குக் கிடைப்பது 1450தான். ஓப்பன்ஸ்டாக்கின் நெட்வொர்க் பகுதியான நியூட்ரான் இந்தக் கணக்கைத் தானே போட்டு, விஎம்முக்கு முகவரி தரும் டிஎச்சிபி வழியாகச் சொல்லிவிடும். ஆனால் நாங்கள் பயன்படுத்திய பழைய இமேஜில் (விஎம்மை உருவாக்கும் அச்சு) யாரோ 1500 என்று கையால் எழுதி வைத்திருந்தார்கள். (யாரோ இல்லை, நான்தான்.)

இமேஜைத் திருத்தினேன். அதோடு விடாமல், கீழ் நெட்வொர்க்கையும் 9000க்கு உயர்த்தினேன். ஸ்விட்ச் இரண்டில் ஒன்றை மறந்துவிட்டேன். பிறகு எந்த இணைப்பு எந்தக் கம்பி வழியாகப் போகிறதோ அதைப் பொறுத்து சில வேலை செய்தன, சில தொங்கின. முழுதாகக் கெட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்விட்ச் அமைப்பையும் ஆன்சிபிளில் (அமைப்புகளைக் கோடாக எழுதித் தானாக இயக்கும் கருவி) எழுதியது அதற்கப்புறம்தான்.

இரவுப்பணி:

ஆன்சிபிள் என்றதும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது அண்ணே. நீங்கள் ஒரு ஸ்விட்சை மறந்தீர்கள். நான் எதையும் மறக்கவில்லை, அதுதான் பிரச்சினையே.

எல்லா சர்வரிலும் ஓப்பன் விஸ்விட்ச் பிரிட்ஜ் (மென்பொருளாகவே ஓடும் ஸ்விட்ச்) உருவாக்கி, நெட்வொர்க் கார்டை அதற்குள் சேர்க்க வேண்டும். கார்டு பிரிட்ஜுக்குள் போனதும் அதில் இருக்கும் ஐபி முகவரி பயனற்றுப் போகும். பிரிட்ஜுக்கு மாற்றித் தர வேண்டும். நான் இதைத் தனித்தனி டாஸ்க்காக எழுதியிருந்தேன்: முதலில் கார்டைச் சேர், அடுத்து முகவரியை மாற்று. முதல் டாஸ்க் முடிந்ததுமே அந்த சர்வரோடு தொடர்பு அறுந்துவிடும், இரண்டாவது டாஸ்க் போய்ச் சேரவே சேராது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

ஆன்சிபிள் வழக்கமாக ஒரே நேரத்தில் ஐந்து சர்வர்களில் வேலை செய்யும். முதல் ஐந்து சிவப்பாயின. என் கை கண்ட்ரோல் சிக்குப் போவதற்குள் அடுத்த ஐந்தும் சிவப்பு. இரவு முழுக்க ஒவ்வொரு சர்வரின் ஐபிஎம்ஐ கன்சோலிலும் (சர்வரைத் தனி வழியில் எட்டும் திரை) நுழைந்து கையால் சரிசெய்தேன். அதில் இரண்டின் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. அவற்றுக்கு முன்னால் கீபோர்டு, மானிட்டரோடு போய் நின்றேன்.

இப்போது நெட்வொர்க் தொடர்பான எந்தப் பிளேபுக்கையும் (ஆன்சிபிளின் வேலைப் பட்டியல்) சீரியல் 1, அதாவது ஒரு நேரத்தில் ஒரே சர்வர் என்ற அமைப்பு, இல்லாமல் ஓட்டுவதில்லை. ஒன்று விழுந்தால் அங்கேயே நின்றுவிடும். பிரிட்ஜ் வேலையும் முகவரி மாற்றமும் சர்வரிலேயே ஓடும் ஒரே ஸ்கிரிப்டுக்குள். நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளான் மட்டும் போதுமான இடத்தில் 'நெட்பிளான் ட்ரை' தான். 120 விநாடிக்குள் நாம் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

கூகை:

என்னுடையது சின்னது. டேட்டாபேஸ்களுக்கு 172.17.5.0/24 என்று ஒரு சப்நெட் (முகவரித் தொகுதி) ஒதுக்கினோம். சில விஎம்களிலிருந்து மட்டும் டேட்டாபேஸ் எட்டவில்லை. ரவுட்டரில் எல்லாம் சரி. கடைசியில் பார்த்தால், எட்டாத விஎம் எல்லாவற்றிலும் டாக்கர் (கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) இருக்கிறது. டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் 172.17.0.0/16 முழுவதையும், எங்கள் சப்நெட்டையும் சேர்த்து, தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. பாக்கெட் விஎம்மை விட்டு வெளியே வரவே இல்லை. சப்நெட்டை மாற்றிவிட்டேன்.

முடிச்சு:

இரவுப்பணி நண்பருக்கு சர்வர்கள் திரும்பக் கிடைத்தன. எனக்குக் கிடைக்கவில்லை.

டெர்ராஃபார்மில் (கிளவுடில் வேண்டியதைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி) ஒரு நெட்வொர்க்கின் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கிளவுடில் தெரியும் பெயர்கூட இல்லை, கோடில் நாங்கள் வைத்த பெயர். அழகாக மாற்றினேன். டெர்ராஃபார்முக்கு அது பெயர் மாற்றமாகத் தெரியாது. பழையது நீக்கப்பட வேண்டும், புதியது ஒன்று பிறக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குப் புரியும். நெட்வொர்க் மாறினால் சப்நெட் மாறும். சப்நெட்டில் இருக்கும் விஎம்கள் எல்லாம் அழிந்து புதிதாக எழும். செய்யப்போவதை முன்கூட்டியே காட்டும் பிளானில் இத்தனை அழியும் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. பைப்லைனில் தானாக ஒப்புக்கொள்ளும்படி நாங்களே அமைத்திருந்ததால் அதைப் படிக்க ஆள் இல்லை.

தனி வால்யூமில் இருந்த டேட்டா பிழைத்தது. விஎம்மின் சொந்த டிஸ்கில் இருந்தது போனது போனதுதான்.

கோடில் பெயர் மாற்றுவதற்கு 1.1 பதிப்பிலிருந்து 'மூவ்டு' பிளாக் இருக்கிறது. அதை எழுதினால் ஒன்றும் அழியாது. அழிப்பதைத் தடுக்கும் 'பிரிவென்ட் டிஸ்ட்ராய்' போட்டால் போதுமே என்பீர்கள். நெட்வொர்க்கில் போட்டிருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்காது. பழைய பெயரோடு அந்தப் பிளாக்கும் கோடிலிருந்து போய்விடுகிறதே, காவலும் கூடவே போய்விடும். விஎம் பிளாக்கில் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கும்.

அடுக்கு:

நான் அவசரத்தில் செய்த ஒன்று. வரும் இணைப்புகளைப் பிரித்துத் தரும் இரண்டு லோடு பேலன்சர் விஎம்கள், ஐபி யாரிடம் இருக்க வேண்டும் என்று பார்க்கும் கீப்அலைவ்டி, நடுவில் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஐபி. ஒன்று விழுந்தால் மற்றது அந்த ஐபியை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்கிறது, ஆனால் யாருக்கும் எட்டவில்லை. தான் ஒதுக்காத முகவரியோடு ஒரு போர்ட்டிலிருந்து (விஎம்மின் நெட்வொர்க் இணைப்பு) வரும் பாக்கெட்டை நியூட்ரான் கீழே போட்டுவிடும். ஏமாற்று முகவரியைத் தடுக்கும் ஏற்பாடு. அந்த போர்ட்டின் 'அலவ்டு அட்ரஸ் பேர்ஸ்' பட்டியலில் பொது ஐபியைச் சேர்த்தால் முடிந்தது.

இது எனக்கு அன்று தெரியாது. அந்த நெட்வொர்க் முழுவதுக்கும் போர்ட் செக்யூரிட்டி என்ற அந்தத் தடுப்பையே அணைத்தேன். வேலை செய்தது, கைதட்டினார்கள். சில வாரம் கழித்து ஒருவர் அதே நெட்வொர்க்கில் சோதனைக்காக ஒரு விஎம்மில் டிஎன்எஸ்மாஸ்க் போட்டார். அது டிஎச்சிபி கேட்டவர்களுக்கெல்லாம் முகவரி வாரி வழங்கியது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, கதவைத் திறந்து வைத்தவன் நான்.

கூகை:

கேபிள்காரன் அண்ணே, ஒரு சந்தேகம். அடுத்த மாதம் ஓவிஎன்னுக்கு (நியூட்ரானுக்குக் கீழே நெட்வொர்க்கை நடத்தும் மென்பொருள்) மாறப்போகிறோம். கீழ் நெட்வொர்க் 1500தான், உயர்த்த முடியாது. 1450 அப்படியே இருக்கலாமா?

கேபிள்காரன்:

இருக்க முடியாது தம்பி. ஓவிஎன் பயன்படுத்துவது, விஎக்ஸ்லேன் போலவே உறை போடும் ஜெனீவ். அதன் உறை இன்னும் கொஞ்சம் தடிமன். ஓப்பன்ஸ்டாக் அதற்கு 58 பைட் ஒதுக்குகிறது, ஆக 1442. விஎக்ஸ்லேனுக்கு யுடிபி போர்ட் 4789 திறந்திருப்பீர்கள். ஜெனீவுக்கு 6081. சர்வர்களுக்கு நடுவே ஃபயர்வால் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறுவதற்கு முன்பே எம்டியுவைக் குறைத்துவிட்டு, எல்லா விஎம்களும் புதிய மதிப்பை வாங்கும்வரை காத்திருங்கள். நியூட்ரானின் டிஎச்சிபி குத்தகை இயல்பாக 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள். பாதிக் காலம் கழிந்ததும் விஎம் புதுப்பிக்கக் கேட்கும், ஆனாலும் அவசரப்படாதீர்கள். அப்புறம் உங்கள் இமேஜ்களைத் திறந்து, உள்ளே எங்காவது 1500 என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எங்களுடையதில் போன வாரம்கூட ஒன்று அகப்பட்டது.