படம் வரைய உட்கார்ந்து வெள்ளைத்தாளைப் பார்த்தா கை ஓடமாட்டேங்குது. எங்கே ஆரம்பிக்கிறது?

பென்சில்முனை:
எச்பி பென்சில், 150 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) ஸ்கெட்ச் புக் இருக்கு. எதிர்ல ஒரு பித்தளைச் செம்பு. முதல் கோட்டை எங்கே போடறதுன்னே தெரியல. போட்டாலும் செம்பு கோணிக்குது. அழிச்சு அழிச்சுத் தாள் நைஞ்சுடுது.

கரித்துண்டு:
ஸ்கெட்ச் புக்கை ஒரு மாசம் பரண்ல போடுங்க. காசு குடுத்து வாங்கின தாள்ங்கிறதுதான் பாதி பயம். ஜெராக்ஸ் கடையில ஒருபக்கம் வீணான ஏ4 தாள் கிடைக்கும், பின்பக்கம் போதும். நாலா மடிச்சு, கட்டத்துக்கு 1 நிமிஷம், பால்பாயின்ட் பேனாவுல அதே செம்பு நாலு தடவை. ரப்பர் கிட்டவே வேண்டாம். (செம்பைப் புளி போட்டுத் துலக்காதீங்க, பளபளப்பு கண்ணைக் குழப்பும்.)

கோட்டுக்காரன்:
பேனா சரி. ஆனா கோணிக்கிறதுக்குக் காரணம் பயம்னு தோணல, வரையற வரிசைதான். இடது ஓரத்தை வாயிலிருந்து அடிவரை இழுத்துட்டு, வலதை அதுக்கு ஒப்பேத்தினா சாயத்தான் செய்யும்.

முதல்ல அளவு. கையை நேரா நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைச் செம்போட வாய்க்கு நேரா வைங்க. அடி வர்ற இடத்துல கட்டைவிரல் நகம். அதை உயரமா வெச்சுக்கிட்டு, பென்சிலைப் படுக்க வெச்சா அகலம் அதுல எத்தனை பங்குன்னு தெரியும். முழங்கை மடங்கினா அளவு போச்சு. தாள்ல மேலே, கீழே, இடம், வலம்னு நாலு புள்ளி, நடுவுல மெல்லிசா ஒரு நிமிர்கோடு. அதுக்கப்புறம் அது வெள்ளைத்தாளே இல்ல.

வாய் நீள்வட்டமா தெரியும். ரெண்டு முனையையும் மீன் வால் மாதிரி கூராக்கிடாதீங்க, அங்கேயும் வளைவுதான். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கற செம்புக்கு அடி வட்டம் வாயைவிட உருண்டையா தெரியும். அடியை நேர்கோடா போட்டா செம்பு மேசையில உட்காராது.

சாம்பல்நிறம்:
தாள் நையறதுக்கு எச்பி ஒரு காரணம். அழுத்திப் போட்டா பள்ளம் விழும், ரப்பர் கரியை எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. எச்பியைவிட மிருதுவான 2பி பென்சில் வாங்கி, நடுவுக்குப் பின்னால தளர்வா பிடிங்க. வெள்ளையே உறுத்தினா, அதைவிடவும் மிருதுவான 6பி பென்சில் முனையைச் சுரண்டி, தூளைப் பஞ்சால தாள் முழுக்கத் தேய்ங்க. வெளிச்சம் விழற இடத்தை மட்டும் ரப்பரால எடுங்க. விரலால தேய்க்காதீங்க, எண்ணெய்ப்பசை பட்ட இடம் திட்டாகி அழியாது.

பென்சில்முனை:
நிமிர்கோட்டுக்கு ஸ்கேல் வைக்கலாமா?

கோட்டுக்காரன்:
வேண்டாம். தாளோட ஓரத்தைப் பார்த்துக்கிட்டே இழுங்க. முடிச்சதும் தாளைத் தலைகீழா திருப்புங்க, எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு உடனே தெரியும்.