ஜெனரல் வாரண்ட்: ‘பொது ஆணை’ வேண்டாம், ‘மொட்டை ஆணை’ போதும்

வணக்கம். யார், எந்த இடம், எந்தப் பொருள் என்று குறிப்பிடாமலே தேடவும் பிடிக்கவும் அதிகாரம் தரும் ஆணை ஜெனரல் வாரண்ட். அதே வகையில் சுங்க அதிகாரிகளுக்குத் தரப்பட்டது ரிட் ஆஃப் அசிஸ்டன்ஸ். வரலாற்று நூலுக்காக இவற்றுக்கு முன்வைக்கப்பட்ட தமிழ்ச் சொற்கள் இவை:

> ஜெனரல் வாரண்ட் – பொது ஆணை. ரிட் ஆஃப் அசிஸ்டன்ஸ் – உதவி ஆணை

இரண்டையும் ஏற்க மனம் வரவில்லை. பொது ஆணை என்றால் எல்லாருக்கும் பொருந்தும் அரசாணை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். உதவி ஆணையோ முதியோர் உதவித்தொகைக்கான உத்தரவுபோல் ஒலிக்கிறது. அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்கவைத்த ஒன்றுக்கு இவ்வளவு சாதுவான பெயரா?

1760 அக்டோபரில், அமெரிக்கக் குடியேற்றங்களையும் ஆண்ட பிரிட்டன் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இறந்தார். அவர் பெயரால் சுங்க அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த இந்தப் பேராணைகள் (ரிட்) ஆறு மாதத்தில் காலாவதியாகும், புதியவை வேண்டும். பாஸ்டன் வணிகர்கள் எதிர்த்தார்கள். கடல்சார் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருந்த ஜேம்ஸ் ஓட்டிஸ் அந்தப் பதவியை உதறிவிட்டு, 1761 பிப்ரவரியில் வணிகர்களுக்காக வாதாடினார். அரசுத் தரப்பில் நின்றவர் அவருக்கே சட்டம் பயிற்றுவித்த ஜெரமையா கிரிட்லி. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளம் வழக்கறிஞர் ஜான் ஆடம்ஸ்.

அந்தக் குறிப்பில் உள்ள ஒரு சம்பவம் நம் சொல்லுக்கு நேரடியாக உதவும். பியூ என்ற அதிகாரி தன்னிடமிருந்த பேராணையை வேர் என்பவருக்குக் கைமாற்றிக் கொடுத்துவிட்டார். ஓய்வுநாள் சட்டத்தை மீறியதாக வால்லி என்ற நீதிபதி வேரை அழைத்து விசாரித்தார். விசாரணை முடிந்ததும் வேர், “முடிந்ததா?” என்று கேட்டுவிட்டு, “இனி என் அதிகாரத்தைப் பாருங்கள்” என்கிற தோரணையில் நீதிபதியின் வீட்டையே பரண் முதல் நிலவறை வரை சோதனை போட்டார். அழைத்துவந்த காவலரின் வீட்டுக்கும் அதே கதி. யார் வீடு, எந்தப் பொருள், என்ன சந்தேகம் என்று எதுவும் ஆணையில் எழுதப்படவில்லை. சோதனைக்குப் பிறகு யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதும் இல்லை.

ஆக, எழுதியிருக்க வேண்டியது எழுதப்படாமல் இருப்பதுதான் இந்த ஆணையின் குறை. அதற்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: மொட்டை. மொட்டைக் கடிதம், மொட்டை மனு என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன.

> மொட்டைக் கடிதத்தில் அனுப்பியவர் பெயர்தானே இருக்காது? இங்கே ஆணையிட்டவர் தெரிகிறாரே.

நியாயமான கேள்வி. ஆனால் மொட்டைக் கோபுரத்தில் பெயரா இல்லை? இருக்க வேண்டிய உறுப்பு எதுவோ அது இல்லாததே மொட்டை. சோதனை ஆணைக்கு உயிர்நாடி ஆள், இடம், பொருள். 1763-இல் லண்டனில் அரசை விமர்சித்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் வில்க்ஸின் இதழ் மீது பிறப்பித்த ஆணையிலும் ஆள் பெயர் இல்லை. அதைக் காட்டி 49 பேரைப் பிடித்தார்கள். சொல்லின் கொச்சை வாடை உறுத்துகிறது என்பவர்களுக்கு: 1776-இல் வர்ஜீனியாவின் உரிமைச் சாற்றுரையே இவ்வகை ஆணைகளைக் கொடியவை, ஒடுக்குபவை என்று வெளிப்படையாகத் திட்டுகிறது. நாம் மட்டும் ஏன் மழுப்ப வேண்டும்?

ரிட் ஆஃப் அசிஸ்டன்ஸ் வேறு சிக்கல். காவலர்களும் குடிமக்களும் சுங்க அதிகாரிக்குத் துணைநிற்க வேண்டும் என்று கட்டளையிட்டதால் அதற்கு அந்தப் பெயர். ‘துணை ஆணை’ என்றால் துணை ஆட்சியர்போல் கீழ்நிலை ஆணையாகிவிடும். ‘துணையழைப்பாணை’யோ நீதிமன்ற அழைப்பாணையோடு குழம்பும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, செய்த வேலையை வைத்துச் ‘சுங்கச் சோதனைப் பேராணை’ என்கிறேன். நீளம்தான், வரலாற்று நூலில் சில இடங்களில் மட்டுமே வரும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஓட்டிஸ் அந்த வழக்கில் தோற்றார். நவம்பரில் நீதிமன்றம் பேராணைகளை அனுமதித்தது. 1791-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம்தான், தேட வேண்டிய இடத்தையும் பிடிக்க வேண்டிய ஆளையும் பொருளையும் ஆணையில் தனித்துக் குறிப்பிடச் சொன்னது. அந்த நிபந்தனைக்கு ‘சுட்டிக்குறிப்பு’ என்று வைத்திருக்கிறேன். ‘தனிக்குறிப்பு’ என்று போட்டால் அடிக்குறிப்போடு மயங்குமோ என்ற ஐயம். சட்டத்துறை நண்பர்கள் இதைவிடக் கச்சிதமான சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்