எம்ஜிபி ரோட்ஸ்டரின் சில் துரு: மேலே தகடு ஒட்டுவதா, முழுவதும் வெட்டித் திறப்பதா?

பச்சை ரோட்ஸ்டர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டின் இறுதியில் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றை, அதாவது நிலையான கூரையில்லாத பழைய எம்ஜி ஸ்போர்ட்ஸ் காரை, வாங்கினேன். அடர்பச்சை நிறம், குரோம் பம்பர். 1798 சிசி எஞ்சின் சீராக ஓடுகிறது. கியர் பெட்டியிலும் குறை தெரியவில்லை. பெயின்ட் பளபளவென்று இருந்ததால் பாடியைச் சரியாகச் சோதிக்காமல் வாங்கிவிட்டேன்.

மூன்று வாரங்களுக்கு முன்பு பின்சக்கரத்தைக் கழற்றுவதற்காக, இடப்புறக் கதவின் அடியில் ஜாக்கி வைப்பதற்கென்றே தொழிற்சாலையில் அமைத்திருக்கும் இடத்தில் ஜாக்கியைப் பொருத்தி உயர்த்தினேன். சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்குள் தகடு நொறுங்கும் சத்தம் கேட்டது. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேல்பக்கம் விரிந்தது. கதவின் பூட்டு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. வண்டியை இறக்கியதும் கதவு திறந்தது. தரையில் நிற்கும்போது அதே இடைவெளி மேலே 2 மில்லிமீட்டரும் கீழே 6 மில்லிமீட்டரும் இருக்கிறது.

பிறகு கம்பளத்தை எடுத்துப் பார்த்தேன். தரைத் தகட்டில் பழைய ஒட்டுகள் நான்கைந்து இருக்கின்றன. அவற்றின் மேல் தாரைக் கனமாகப் பூசியிருக்கிறார்கள். அடியிலிருந்து திருப்புளியால் குத்தினால் பல இடங்களில் அது உள்ளே போகிறது. கதவுக்கு அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் சில் என்ற பகுதியின் வெளிப்பக்கம் மட்டும் புதிது போல உறுதியாக இருக்கிறது, ஆனால் அதன் கீழ்விளிம்பில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் காந்தம் ஒட்டவில்லை.

ஒரு பட்டறையில், இந்தக் கோடைக்குத் தேவையான அளவு ஒட்டுப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மற்றொரு பட்டறையில், முழுப் பாடியையும் புதிதாக வாங்குவதே நல்லது என்றார்கள். மாலை நேர வகுப்பில் மிக் வெல்டிங் கற்றிருக்கிறேன். ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு மூடிய இடம் இருக்கிறது. நானே செய்யத் துணியலாமா? செய்வதென்றால் எதை முதலில் தொட வேண்டும்?

அபிங்டன் அன்பர் (மறுமொழி):

வணக்கம் நண்பரே. உங்கள் வண்டியின் வயதை ஒத்த எம்ஜிபி ஒன்றின் இருபுறச் சில்களையும் நானே மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதவு இடைவெளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபிக்கு முன்பு வந்த எம்ஜிஏவில் பாடியைத் தாங்கும் தனிச் சேசிஸ் இருந்தது. 1962இல் எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரிப்பு தொடங்கிய எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. 1965இல் வந்த ஜிடி வகைக்காவது மேற்கூரை துணை நிற்கிறது. உங்களுடைய ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால், கதவு இருக்கும் பகுதியில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டு சில்களும் நடுவிலுள்ள சுரங்கம் போன்ற மேடும்தான். சில் வலுவிழந்தால், சக்கரங்களின் மேல் நிற்கும்போது வண்டியின் நடுப்பகுதி தொய்ந்து கதவின் மேல் இடைவெளி குறுகும். நடுவில் ஜாக்கி வைத்தால் முன்னும் பின்னும் தொங்கி அதே இடைவெளி விரியும். நீங்கள் கண்ட இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். இந்த நிலையில் வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 40 வயதைக் கடந்த வண்டி என்பதால் ஆண்டுச் சோதனையிலிருந்து அதற்கு விலக்கு இருக்கலாம். பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பிலிருந்து உரிமையாளருக்கு விலக்கு இல்லை.

சில் என்பது வெளியே தெரியும் ஒரு தகடு மட்டுமன்று. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் இடையில் செங்குத்தாக நிற்கும் நடுத்தகடு, அடியில் கோட்டை மதிலின் உச்சியைப் போல மேடும் பள்ளமுமாக வளைத்த காசில் செக்‌ஷன் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது பெட்டியாகிறது. உங்கள் வண்டியில் பழைய துருவை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புதிய வெளித்தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். பார்வைக்கு நேராக இருக்கும், ஆனால் உள்ளே பாரம் தாங்க எதுவும் இருக்காது. ஒழுங்காகச் செய்தால் வெளித்தகட்டின் முன்முனை முன் மட்கார்டின் அடியிலும் பின்முனை பின் மட்கார்டின் உள்ளேயும் மறைந்திருக்கும். ஆகவே முன் மட்கார்டைக் கழற்றாமலும் பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டாமலும் சில்லை முழுநீளத்துக்கு மாற்ற வழியில்லை. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. பின்னது வெல்டிங் செய்தது. இந்த உழைப்பைத் தவிர்ப்பதற்காகத்தான் மேலே தகடு போர்த்துகிறார்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டுக்குள் சேறு தங்கும் ஓர் அறை இருக்கிறது. குளிர்காலச் சாலை உப்போடு சேர்ந்த அந்த ஈரச் சேற்றிலிருந்துதான் துரு பெரும்பாலும் தொடங்குகிறது. மட்கார்டைக் கழற்றும்போது முதலில் அங்கே பாருங்கள்.

புதிய பாடியைப் பற்றிய என் கருத்து இது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய தொழிற்சாலை அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் எம்ஜிபியின் முழுப் பாடியைப் புதிதாகச் செய்து விற்கிறது. அது நல்ல பாடிதான், ஆனால் விலை பத்தாயிரம் பவுண்டுக்கும் மேல்; பெயின்டும் பொருத்தும் வேலையும் தனி. எஞ்சின் அறையின் உள்தகடுகள், டிக்கித் தரை, பின் ஸ்பிரிங்கின் முன்முனையைப் பிடித்திருக்கும் இடம், இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் தொங்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிப் பெட்டிகள் ஆகிய எல்லாமே அரித்திருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். சில், தரை, மட்கார்டின் அடிப்பகுதி ஆகியவற்றோடு நின்றிருந்தால் ஒவ்வொரு தகடும் தனித்தனியாகக் கிடைக்கிறது, நீங்களே செய்யலாம்.

வெட்டுவதற்கு முன்பு கதவின் திறப்பில், முன்தூணிலிருந்து பின்தூணுக்குச் சதுர இரும்புக் குழாயால் முட்டுக் கொடுத்து இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்ததால், புதிய சில் பொருத்திய பிறகு கதவே மூடாமல் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். தாரையெல்லாம் சுரண்டியபின் பாடியை மணல் வீச்சுக்கு (மணலை வேகமாக வீசித் துருவை நீக்கும் வேலைக்கு) அனுப்பினால் மிச்சத் துருவும் வெளிப்படும்.

நெருப்புக்குப் பொறுப்பு (மறுமொழி):

முன்னவர் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எம்ஜிபியின் பெட்ரோல் தொட்டி டிக்கித் தரையின் அடியில் தொங்குகிறது. பின் மட்கார்டின் அருகில் வெல்டிங் செய்வதற்கு முன்பு தொட்டியைக் கழற்றி, மூடிய இடத்துக்கு வெளியே வையுங்கள். காலியான தொட்டியில் தங்கும் ஆவி, நிரம்பிய தொட்டியைவிட ஆபத்தானது. கம்பளம், இருக்கைகள், தரையில் ஒட்டிய தார் விரிப்பு எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். பேட்டரிகளின் இணைப்பையும் ஆல்டர்னேட்டரின் இணைப்பையும் கழற்றுங்கள். நீங்கள் வெல்டிங் செய்யும் தகட்டின் மறுபக்கத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. வேலையை நிறுத்திய பிறகும் ஒரு மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம். பெட்டிக்குள் விழுந்த பொறி மெதுவாகப் புகைந்து, ஆள் போன பிறகு பற்றிக்கொள்வதுண்டு.

தகரமும் வண்ணமும் (மறுமொழி):

டிங்கரிங், பெயின்ட் வேலையில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில், மணல் வீச்சைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். தடித்த அடிப்பகுதிக்கும் சஸ்பென்ஷன் உறுப்புகளுக்கும் அது பொருந்தும். கதவு, பானெட், பின் மட்கார்டு போன்ற அகன்ற மெல்லிய தகடுகளில் அழுத்தமாக மணலை வீசினால் தகடு நீண்டு அலையலையாகிவிடும். பிறகு பட்டி பூசித்தான் நேராக்க முடியும். அங்கெல்லாம் பெயின்ட் நீக்கும் திரவமும் சுரண்டும் வட்டும் போதும். பாடியை அமிலத்தில் முக்குவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. மடிப்புகளுக்குள் தங்கிய அமிலம் சில மாதங்களுக்குப் பிறகு புதிய பெயின்டைக் கிளப்பிக்கொண்டு வெளியே வரும்.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்களைப் பலரும் நம்புகிறார்கள். மேற்பரப்பில் படிந்த துருவுக்கு அவை உதவும். இரண்டு தகடுகளுக்கு இடையில் புகுந்து அவற்றைப் பிளக்கும் துருவுக்கு அவற்றால் பயனில்லை. அங்கே வெட்டி எடுப்பது ஒன்றே வழி. புதிய தகடுகள் ஒன்றோடொன்று தொடும் முகங்களில் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாகப் பிரைமரைப் பூசுங்கள். மேல்தகட்டில் துளையிட்டு அதன் வழியே துளை வெல்டிங் செய்யும் புள்ளியில் மட்டும் அதைச் சுரண்டிவிட்டால் வெல்டிங் சுத்தமாக விழும். துத்தநாகப் புகை நுரையீரலுக்குக் கேடு. முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம்.

வெல்டிங் முடிந்ததும் வெற்றுத் தகட்டின்மேல் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் இணைப்புகளை அடைக்கும் சீலர், தேவைப்படும் இடங்களில் பட்டி என்ற வரிசையில் போங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அது நேராக இரும்பின் மேல் அமர்ந்தால் அடியில் துரு தொடங்கும். உங்கள் பின் மட்கார்டில் காந்தம் ஒட்டாத இடம் அப்படித்தான் ஆகியிருக்கும். வெல்டிங்கின் சூடு பெட்டியின் உட்புறப் பிரைமரை எரித்துவிடுவதால், கடைசியில் சில்லின் உள்ளே மெழுகை நீண்ட குழாயால் தெளிக்க வேண்டும். இதைப் பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகே செய்யுங்கள். மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. காசில் செக்‌ஷனின் பள்ளங்களும் வடிகால் துளைகளும் நீர் வெளியேறுவதற்காக விடப்பட்டவை. அவற்றைச் சீலராலோ மெழுகாலோ அடைத்துவிட்டால் அடுத்த சில் மாற்றத்துக்கு நீங்களே நாள் குறித்தது போலாகும்.

பச்சை ரோட்ஸ்டர் (மீண்டும்):

மூவருக்கும் நன்றி. தொட்டியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டேன். முன் மட்கார்டைக் கழற்றியபோது இரண்டு கை நிறையச் சேறு வந்தது. அதன் பின்னால் முன்தூணின் அடி அரித்திருக்கிறது. வெளித்தகட்டில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் வெட்டிப் பார்த்தேன். மூன்று அடுக்குத் தகடுகள், அவற்றின் உள்ளே மஞ்சள் நுரை. நுரையைப் பிழிந்தால் நீர் சொட்டுகிறது. நடுத்தகடு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு இல்லவே இல்லை. பேட்டரிப் பெட்டிகளும் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் டிக்கித் தரையும் உறுதியாக இருக்கின்றன. எனவே பழைய பாடியையே சரிசெய்யத் தீர்மானித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். பாடி ஏற்கெனவே தொய்ந்திருக்கிறது. இந்த நிலையில் கதவின் திறப்பில் முட்டுக் கொடுத்தால், தொய்வையே நிரந்தரமாக்கியதாக ஆகாதா?

அபிங்டன் அன்பர் (மறுமொழி):

மிகச் சரியான கேள்வி. முட்டுக் குழாயை ஒரே நீளமாகச் செய்யாமல், நடுவில் இருபக்க மரையுள்ள திருகு வைத்து நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்படி செய்யுங்கள். சமதளமான தரையில், முன் குறுக்குச் சட்டத்தின் அடியிலும் பின் ஸ்பிரிங்குகள் பிடிக்கும் இடங்களின் அருகிலும் தாங்கிகளை வைத்து நான்கு மூலைகளையும் நீர்மட்டத்தால் சரிபாருங்கள். கதவைக் கீலில் மாட்டியே வைத்துக்கொண்டு, பழைய சில்லின் வெளித்தகட்டை நடுவில் ஓரிடத்தில் மேலிருந்து கீழாக அறுத்துவிடுங்கள். பிடிப்பு தளர்ந்ததும் திருகைச் சிறிது சிறிதாக நீட்டினால், மேலும் கீழும் இடைவெளி சமமாகும் நிலை கிடைக்கும். அந்த நிலையில் திருகைப் பூட்டி, முட்டுக் குழாயையும் இரண்டு இடங்களில் வெல்டிங் செய்துவிடுங்கள். பிறகே மிச்சத் தகடுகளை வெட்டுங்கள்.

நுரையை முழுவதும் கையால் பிய்த்தெடுக்காமல் அருகில் வெல்டிங் தொடங்காதீர்கள். அது எரிந்தால் வரும் புகை நச்சு. முதலில் முன்தூணின் அடி, பிறகு காசில் செக்‌ஷன், உள்தகடு, தரை என்று கட்டி எழுப்புங்கள். நடுத்தகட்டை முழுநீளத்துக்கு வாங்கி, முன்னும் பின்னும் இறுதிவரை கொண்டுபோய்ச் சேருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பாதியில் நிறுத்தியதைப் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன். வெளித்தகட்டைக் கவ்விகளால் மட்டும் பிடித்துவைத்து, முன் மட்கார்டை நான்கு போல்ட்டில் தொங்கவிட்டு, கதவைப் பத்து முறையாவது திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருந்தால்தான் வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் ஓட்டாமல், நடுவில் ஒரு புள்ளி, முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று என்று இடம் மாற்றி மாற்றிப் போட்டு, இடையில் தகட்டை ஆறவிட்டு அளந்துகொண்டே வாருங்கள். இடப்புறத்துக்கு எனக்கு ஏழு வார இறுதிகள் ஆயின. வலப்புறம் நான்கில் முடிந்தது. வலப்புறச் சில்லைத் திறந்ததும் படங்களை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.